அவருக்குக் காதாக இருந்தேன்

எனக்குப் பிறவியிலேயே நல்ல காது. சின்ன வயதில் சர்ச் பாடகர் குழுவில் யார் சுருதி விலகினாலும் திரும்பிப் பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சிலர் உயரமாக இருப்பதில்லையா, அதைப் போல இதுவும் ஒன்று.

நீங்கள் கேட்பது சின்னக் கேள்விதான், சார். மின் ஆய்வாளராக அன்று எங்கள் வீட்டுக்கு வந்தபோதே கேட்டீர்கள்: பிளக்கில் எர்த் ஒயரைக் கழற்றியது யார்? என் கணவர்தான் என்றேன். அது உண்மை. ஓய்வுபெற்ற பிறகும் அதே கேள்வியோடு வந்திருக்கிறீர்கள் என்றால், அந்தப் பதில் உங்களுக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன்.

அவர் அப்பாதுரை. திருமுடிவாக்கத்தில் ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். தகடு வெட்டும் இயந்திரங்களுக்கு நடுவே பகல் முழுக்க நிற்க வேண்டும். சாயங்காலம் மேற்குத் தாம்பரத்துக்கு வந்ததும் குளித்துவிட்டு, தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் முன்னறை மேஜைக்குப் போய்விடுவார். ஹெட்போனுக்கென்று சின்னச் சின்ன ஆம்ப்ளிஃபயர்கள் செய்வார். அலுமினியப் பெட்டிகள், மூலைகளை அரம் போட்டு மழமழவென்று ஆக்கியிருப்பார். குடி கிடையாது. என்னை ஒரு நாளும் அடித்ததில்லை.

ஒப்பிட்டுக் கேட்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். இரண்டு பெட்டிகளையும் ஒரே டேப் டெக்கில் இணைப்பார். சத்தம் கூடுதலாக இருப்பதே நல்லதாகத் தோன்றும் என்பதால், மீட்டர் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவார். நான் மேஜைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். வயலின் கேசட் ஓடும். அவர் பின்னால் நின்று சுவிட்சை மாற்றுவார். எது நன்றாக இருக்கிறதோ அதற்கு நான் ஒரு விரலோ இரண்டு விரலோ காட்ட வேண்டும். பிறகு ஏன் என்று சொல்ல வேண்டும்.

எதற்கு நான் என்றால், அவருக்குக் காது போய்விட்டது. பிரஸ் ஷாப் தின்றுவிட்டது. மேல் ஸ்வரங்கள் அறவே கேட்காது. மெல்லிய இரைச்சலும் தெரியாது. இது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். டாக்டரிடம் போகலாம் என்றேன் ஒரு முறை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவருடைய சிநேகிதர் அந்தோணிசாமி வருவார். துபாயில் இருந்தவர், அந்த ஹெட்போனே அவர் கொண்டுவந்ததுதான். இரண்டு பெட்டியையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

"எனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கீது, மச்சான்."

"இல்லப்பா. ரெண்டாவதுல வில்லு கம்பியை விட்டு எழும்புறப்போ ஒரு சின்ன மூச்சு கேக்குது பாரு. முதல் பெட்டியில அது இல்ல."

முந்தின நாள் நான் சொன்னது, ஒரு வார்த்தை மாறாமல்.

"இன்னா காதுடா உனுக்கு! சிஸ்டர், இந்தக் காதை பேங்க் லாக்கர்ல வைங்க. வெளியே வுட்டா எவனாவது அறுத்துகினு பூடுவான்."

எல்லோரும் சிரிப்போம். நான் டீ கொண்டுவருவேன்.

அந்தோணிசாமி சொன்னதைத்தான் அவரும் செய்தார், என் காதுக்கு. முதலில் குக்கர் போனது. விசில் சத்தம் ஆகாது என்றார். பிறகு மிக்சி. சர்ச்சில் டிரம் வைத்த பிறகு பஞ்சு வாங்கிக்கொடுத்தார், கொஞ்ச நாளில் சர்ச்சே வேண்டாம் என்று ஆயிற்று. தெருப்பக்க ஜன்னல்களுக்கு ரப்பர் பட்டை ஒட்டினார். ஐப்பசி மழையில் ஜலதோஷம் பிடித்தால் காது அடைத்துக்கொள்ளுமே, அதற்காக என்னை வாசலுக்கும் விடமாட்டார். எல்லாம் அன்பாகத்தான். தட்டில் சாதம் போட்டு அவரே கொண்டுவந்து தருவார். அப்படிப்பட்ட மனிதரைப் பற்றி யாரிடம் போய் என்ன சொல்வது?

பக்கத்து வீட்டுத் தனம் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருந்தாள். நூலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவள்தான் சொன்னாள். நான் பி.ஏ. படித்தவள். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு அவளோடு ரயிலில் போய் இன்டர்வியூவும் முடித்துவிட்டேன். போகும்போதே, வண்டலூர் தாண்டியதும் பஞ்சை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டேன். அவரிடம் சொன்னபோது கோபப்படவில்லை. "ஆர்டர் வரட்டும், பாக்கலாம்," என்றார். ஆர்டர் வரவில்லை. ஒரு நாள் தனம் கொல்லைச் சுவரோரம் நின்று கேட்டாள்:

"அக்கா, இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன?"

"நரம்புத் தளர்ச்சியாமே. சாரே ஆபீசுக்கு வந்து, அவங்களால வேலைக்கெல்லாம் வர முடியாதுன்னு சொல்லிட்டுப் போனாராம். வேற பொண்ணைப் போட்டுட்டாங்க." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கீங்க?"

சாயங்காலம் அவரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"தினம் ரெண்டு வேளை எலெக்ட்ரிக் டிரெயின்ல போயிட்டு வந்தா அந்தக் காது எத்தனை நாளைக்குத் தாங்கும், யூனிஸ்? இந்தப் பெட்டி முடியட்டும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அடுத்தது," என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

அந்தப் பெட்டியில் போட்டிருந்த டிரான்ஸ்ஃபார்மர் பழைய சாமான் கடையில் எடுத்தது. முதல் நாள் இரண்டு பின் பிளக்கில் போட்டபோது அலுமினியத்தைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. சொன்னேன். "கரண்ட் லேசா லீக் ஆவுது. எர்த் குடுத்துட்டா ஒண்ணும் ஆவாது," என்று மூன்று பின் பிளக் மாட்டினார். எறும்பு நின்றுவிட்டது. மழை பிடித்தால் அந்த மாதிரிக் கசிவு கூடும் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் வாங்கும் ஆங்கிலப் பத்திரிகைகளை நானும் படிப்பேன். வீட்டில் படிக்க வேறொன்றும் இல்லை. டெக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் தனித்தனியாக எர்த் இருந்தால் சில சமயம் இரைச்சல் வரும், பலர் ஒன்றைக் கழற்றிவிடுகிறார்கள், அது ஆபத்து என்று ஒன்றில் போட்டிருந்தது.

மறுநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "லேசா இரையுதுங்க," என்றேன்.

கண்டென்சரை மாற்றினார். "இன்னும் இருக்குங்க." ஒயர்களை முறுக்கிப் புதிதாகப் போட்டார். "இருக்குங்க." மழை நாட்கள் அப்படியே போயின. முடிச்சூர் ரோட்டில் தண்ணீர் ஏறி, எங்கள் சிமென்ட் தரை வியர்த்துக்கொண்டே இருந்தது. நான் வீட்டுக்குள் ரப்பர் செருப்பு போட ஆரம்பித்தேன்.

"வேத வசனம் மாட்டியிருக்கிற ரூம்ல செருப்பா?"

"குதிகால் வலிங்க."

அடுத்த நாள் பஜாரில் இன்னும் தடியான அடிப்பாகத்தோடு ஒரு ஜோடி வாங்கிவந்தார். அவர் எப்போதும் போல வெறுங்கால்.

நான் எந்த யோசனையும் சொல்லவில்லை, சார். அவராகவேதான் அங்கே வந்து சேர்ந்தார்.

"எர்த்தைக் கழட்டிப் பாத்துடட்டுமா? இந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு யோசனையா இருக்கு. ஒரு நிமிஷம்தானே."

"உங்களுக்குத் தெரியாததா?" என்றேன்.

ஸ்க்ரூ டிரைவரால் அவரே கழற்றினார். அப்போதுதான் குளித்திருந்தார், முடியிலிருந்து நீர் சொட்டியது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பெட்டியைத் தொடவில்லை. அவர் சுவரில் சுவிட்சைப் போட்டுவிட்டு என் எதிரே வந்து நின்றார். பின்னால் நிற்கும் வழக்கத்தை அன்று மறந்துவிட்டார், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சுங்க."

அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. ஹெட்போனை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். தான் செய்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்பது அவர் பழக்கம். குழந்தையைத் தூக்குவது போலத் தூக்குவார். எடுத்தார்.

மெயின் சுவிட்சு என் பக்கத்துச் சுவரில்தான் இருந்தது. அணைத்தேன். உடனே அணைத்தீர்களா என்று அன்று நீங்கள் கேட்கவில்லை.

அவர் மேல் எனக்கு வெறுப்பு இருந்ததாக எழுதிவிடாதீர்கள். கல்லறைக்குத் தவறாமல் போகிறேன். அவர் இல்லாத வீடு எனக்கு இன்னும் பழகவில்லை. தனம் சொல்லி அடுத்த வருஷம் நூலகத்தில் வேலையும் கிடைத்தது. ரயிலில்தான் போய்வருகிறேன். காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் அவர் நினைத்ததுதான் தப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியில் இரைச்சல் ஒரு நாளும் இருந்ததில்லை. அவர் செய்ததிலேயே சுத்தமான பெட்டி அதுதான், அவ்வளவு நல்ல சத்தம் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அதை ஒரு வார்த்தை அவரிடம் பாராட்டிச் சொல்லாமல் விட்டேனே என்பதுதான், சார், எனக்கு இருக்கிற ஒரே குறை.