ஐம்பத்து மூன்றுக்குக் கீழே

எங்கள் குடோன் எடை மெஷின் பத்து கிராம்கூடத் தப்பாது. வருஷா வருஷம் அரசாங்க ஆள் வந்து சோதித்து முத்திரை போட்டுவிட்டுப் போவார். சாயப்பட்டறையிலிருந்து வரும் ஒவ்வொரு துணி ரோலும் அதில் ஏறி இறங்கித்தான் கட்டிங்குக்குப் போகும். திருப்பூர் நல்லூரில் அந்தப் பனியன் கம்பெனிக் குடோனைப் பதினோரு வருஷமாக நான்தான் பார்க்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால் இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் அந்தப் பெண்ணை ஏமாளி என்று நினைத்துவிடக் கூடாது. சண்முகப்பிரியா நல்ல சூட்டிகை.

அவள் தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங்கில் வேலை பார்த்தாள். மூலனூர்ப் பக்கம், இருபத்து மூன்று வயது, கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாள். ஷிப்ட் முடிந்ததும் ராபின் மாஸ்டரிடம் டேக்வாண்டோ படிக்கப் போவாள். போன மார்ச்சில் ஒருநாள் சாயங்காலம் குடோன் வாசலில் வந்து நின்றாள். அதுவரை அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"அக்கா, கோயமுத்தூர்ல டோர்னமெண்ட்டுங்க்கா. மொதத் தடவ எறங்கறேன். அம்பத்து மூணு கிலோவுக்குக் கீழ இருக்கோணும். உங்க மிசின்ல ஏறிப் பாத்துக்கட்டுங்களா?"

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறப் போனாள். இரும்புத் தட்டு சில்லென்று இருக்கும். பாவமாக இருந்தது. மீந்துகிடந்த பனியன் துணியை ஐந்து மடிப்பாக மடித்துத் தட்டின் மேல் விரித்தேன். அதற்கு முன்பே மெஷினை ஜீரோ செய்திருந்தது என் நினைவில் இல்லை. ஏறினாள். 53.13 காட்டியது. முகம் வாடிவிட்டது. நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகுதான் பார்த்தேன். ஆளில்லாத தட்டு 0.43 காட்டிக்கொண்டிருந்தது. துணியின் எடை. அவள் ஏற்கெனவே ஐம்பத்து மூன்றுக்குக் கீழேதான் இருந்தாள். மறுநாள் வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக.

மறுநாள் ஓடிவிட்டு வந்து, வியர்வை ஆறும்வரை ரோல்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் பேசினாள். அம்மாவுக்கு இந்தச் சண்டை விளையாட்டுப் பிடிக்காது, அப்பாவுக்குத் தெரியவே தெரியாது, மெடல் வாங்கிக் காட்டிய பிறகுதான் சொல்லப் போகிறாள். "நீங்க சாப்ட்டீங்களாக்கா?" என்று நடுவில் கேட்டாள். என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. லாரிக்காரர்கள் லாட் நம்பர் கேட்பார்கள், கட்டிங் மாஸ்டர் ரோல் நம்பர் கேட்பார். சாப்பிட்டாயா என்று கேட்க ஒருவரும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். எடை சரியாகிவிட்டால் இந்தப் பெண் எதற்காக இங்கே வரப் போகிறாள்?

அதனால் சொல்லவில்லை. கெடுதல் செய்ய நினைக்கவில்லை, சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

பிறகு அவள் இளைக்க ஆரம்பித்தாள். எண் இறங்கிவிடக் கூடாது இல்லையா? அது 240 ஜிஎஸ்எம் துணி. ஒரு சதுர மீட்டருக்கு 240 கிராம். தட்டின் அளவுக்கு ஒரு மடிப்பு எண்பத்தாறு கிராம் வரும். இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் வரும். அவள் எவ்வளவு குறைந்தாளோ அவ்வளவுக்கு மடிப்பைச் சேர்த்து, ஓரத்தைக் கையால் தைத்து வைத்தேன். விரித்ததும் டிஸ்ப்ளேவை மறைத்து நின்றுகொள்வேன், அவள் ஏறிய பிறகு விலகுவேன். "மெத்தையாட்டம் இருக்குதுங்க்கா" என்று சிரித்தாள். எனக்காக யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

மூன்று வாரம் அப்படிப் போயிற்று. முதலில் உப்பை விட்டாள், பிறகு சோற்றை விட்டாள். ரோல் சுற்றி வரும் பாலித்தீன் கவரை உடம்பில் சுற்றிக்கொண்டு ஓடினால் வியர்க்கும் என்று யாரோ சொன்னார்களாம். கவர் நான்தான் கொடுத்தேன், முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டதும் நான்தான். ராபின் மாஸ்டரிடம் இருந்த, ஊசி நகர்ந்து எடை காட்டும் பழைய மெஷின் ஐம்பத்தொன்று காட்டியதாம். அவளே கேலி செய்தாள்.

"அது ஊசி மிசினுங்க்கா. முத்திர போட்டத உட்டுப்போட்டு அத எவ நம்புவா?"

மாஸ்டர் கேட்டபோதும் அதையே சொன்னாளாம். திருப்பூரில் துணியோடு பிழைக்கிற யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். சாயப்பட்டறைக்காரனும் முதலாளியும் சண்டை போட்டால்கூட மெஷின் சொல்வதுதான் முடிவு. அவள் சீருடைப் பேண்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது. நான் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன், இரண்டு தடவை.

"பேண்ட் லூசாவுது, எடை மட்டும் எறங்க மாட்டேங்குதேங்க்கா" என்றாள்.

"எலும்பு கனம் கண்ணு" என்றேன்.

கடைசி நாள் 52.9 காட்டவிட்டேன். சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்தாள். கை வெறும் குச்சியாக இருந்தது. அன்றைக்கு அடியில் முப்பத்து நான்கு மடிப்பு.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அந்தப் போன் பற்றி. அதற்கு வருகிறேன். போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் கோயமுத்தூரில் எடை பார்த்தார்கள். உடனே எனக்குக் கூப்பிட்டாள். அம்மாவுக்குக் கூப்பிடவில்லை, எனக்குத்தான்.

"அக்கா, இங்க அம்பதுகூட இல்லீங்க்கா. மிசின் தப்புங்களா? மாஸ்டர் எளநி குடி, நல்லாச் சாப்புடுங்கறாரு. காலைல மறுபடியும் சிலபேர எடை பாப்பாங்களாம். என்னங்க்கா பண்ணட்டும்?"

நாக்கு வறண்டுபோயிருந்தது அவளுக்கு, பேச்சு குழறியது. குடிச்சுக்கோ கண்ணு, தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று யோசித்தேன். அதற்குப் பிறகு அவள் குடோன் பக்கம் தலைவைத்துப் படுப்பாளா என்று யோசித்தேன். அவ்வளவையும் யோசித்த பிறகுதான் பேசினேன்.

"அங்க இருக்கறதுதான் தப்பு கண்ணு. நம்முளுது முத்திர போட்டது. காலைல வரைக்கும் பொறுத்துக்கோ. ஒரு வாய் தண்ணிகூட வேண்டாம்."

"செரிங்க்கா" என்றாள்.

காலையில் அவளை எடை பார்க்கக் கூப்பிடவே இல்லையாம். இரண்டாவது ரவுண்டில், எதிராளி காலைத் தூக்குவதற்கு முன்பே விழுந்துவிட்டாளாம். டாக்டர்கள் இரண்டு நாள் பார்த்தார்கள். உடம்பில் தண்ணீரே இல்லை, இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவள் அப்பா ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளைக்கு நீங்கதானுங்க தொணையா இருந்தீங்களாம்" என்று அழுதார். ஆமாங்க என்றேன். அது உண்மைதானே?

முந்தாநாள் உங்களிடம் துணியைப் பற்றியே நான் வாய் திறக்கவில்லை. நேற்று, மறதியாக ஒருநாள் விரித்தேன் என்று சொன்னேன். இரண்டும் பொய். அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் நேற்றும் இன்றும் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். இன்றைக்குச் சொன்னதுதான் முழு உண்மை: அவளைக் கொன்றது நான். தெரிந்தேதான் செய்தேன்.

கையெழுத்தா? போடாமல் எங்கே போகப் போகிறேன் மேடம். ஆனால் இன்றைக்கு வேண்டாமே, நாளைக்கு வாங்க. வரும்போது சாப்பிட்டுவிட்டு வாங்க, நிதானமாக உட்கார்ந்து பேசலாம். இன்னும் ஒன்று சொல்ல விட்டுப்போயிருக்கிறது.