சூயிங் அம்மாவின் அட்டை

"வடக்க இருந்து வர்றவனுக்கு எதுக்குங்க பி.எஃப்., இ.எஸ்.ஐ.?"ன்னு நம்ம சங்கக் கூட்டத்துல இப்ப பின்வரிசையில அண்ணன் ஒருத்தர் கேட்டாரு. நீங்களும் கை தட்டுனீங்க. சரி... கோபம் இருக்கட்டும். பதிலுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை சொல்றேன். நடக்கறது நம்ம திருப்பூர்ல இல்ல... சீனாவுல!

அங்க ஒரு பெரிய நகரம். சூயிங்னு ஒரு அம்மா, பன்னெண்டாவது படிச்சவங்க. அரசாங்க நூல் மில்லுல வேலை. அந்த ஊர்ல கிராமத்து ஆளுங்க வந்து உழைக்கலாம்... ஆனா நகரத்துக்காரன்னு பதிவு கிடைக்காது. பதிவு இல்லைன்னா சலுகை இல்ல, பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் இல்ல.

மில்லுல ஒருநாள் கூட்டம். "கிராமத்துல இருந்து வந்தவங்களுக்கும் நம்ம சலுகையைக் குடுக்கலாமா?"ன்னு கேள்வி.

சூயிங் அம்மா எந்திரிச்சாங்க. "அதெப்படிக் குடுப்பீங்க? அது நம்மளது!"

கைதட்டல்னா கைதட்டல்... இப்ப நீங்க தட்டுனீங்களே, அப்படி! சலுகை கிடையாதுன்னே முடிவாச்சு.

கொஞ்ச காலத்துல மில்லை மூடிட்டாங்க. புருஷனுக்கும் அதே மில்லுதான். ரெண்டு பேருக்கும் வேலை போச்சு. மக காலேஜ் போகணும். என்ன பண்ணுவாங்க?

அங்க வேலை தேடறவங்க பாலத்தடியில கழுத்துல அட்டையை மாட்டிட்டு நிப்பாங்க. என்ன வேலை தெரியும்னு அதுல எழுதியிருக்கும். இந்த அம்மா பெருமையா எழுதுனாங்க... 'உள்ளூர். பன்னெண்டாவது பாஸ்.' முதலாளிமார் வந்தாங்க, படிச்சாங்க... தாண்டிப் போயிட்டாங்க.

பக்கத்துல லிங்னு ஒரு கிராமத்துப் பொண்ணு. "அக்கா, 'உள்ளூர்'னு போட்டா எவன் கூப்பிடுவான்? உங்களுக்கு இன்சூரன்ஸ் கட்டணுமே! எங்களுக்குன்னா கட்ட வேண்டாம்."

சூயிங் அம்மா அட்டையைத் திருப்பினாங்க. பின்பக்கம் எழுதுனாங்க... 'வெளியூர். எந்த வேலையும் செய்வேன்.' சலவைப் பட்டறைக்காரன் உடனே கூட்டிட்டுப் போயிட்டான்.

ஒருநாள் இஸ்திரி மிஷின் ஆவி அடிச்சு கை வெந்துபோச்சு. "மொதலாளி... ஆஸ்பத்திரிச் செலவு?"

"வெளியூர்க்காரிக்கு ஏதும்மா அதெல்லாம்?"

"நான் வெளியூர் இல்லீங்க! இந்த ஊருதான், இங்கயே பொறந்தவ!"

அவன் கோபப்படவே இல்ல. "அப்படியா? உள்ளூர் ஆளை நான் வேலைக்கு வைக்கறதில்லையேம்மா. நாளையில இருந்து வராதே."

...யோசிச்சுப் பாருங்க. அந்த அம்மாவோட வேலையைப் பறிச்சது யாரு? அந்த லிங் பொண்ணா? லிங்குக்கும் அதே சலுகை இருந்திருந்தா, இவங்களைத் தாண்டிப் போக முதலாளிக்கு என்ன காரணம் இருந்திருக்கும்? தனக்கு வேலின்னு நெனச்சு, தானே எந்திரிச்சு நின்னு காப்பாத்துன விதி அது.

உரிமை இல்லாத ஒருத்தன் கம்பெனி வாசல்ல நிக்கற வரைக்கும், உரிமை இருக்கற உங்களை எவன் உள்ள கூப்பிடுவான்? வடக்க இருந்து வர்ற அந்த பீகார் தம்பிக்கு நாம பி.எஃப். கேக்கறது தர்மத்துக்கு இல்லீங்க. நம்ம வேலை நமக்கு நிக்கணும்னுதான்.

பின்வரிசை அண்ணே... இப்பச் சொல்லுங்க. அவனுக்கு எதுக்கு பி.எஃப்.?