தோப்புக் கல்யாணிக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனது சம்பந்தமாக

என் பெயர் திம்மராயன், தகப்பனார் பெயர் பில்லப்பா, வயது 51, தொழில் தண்ணீர் லாரி ஓட்டுவது, குடியிருப்பது ஓசூர் தோப்புத் தெரு, கதவு எண் 4/17. வீட்டில் தெலுங்கு, ரோட்டில் கன்னடம், ஆபீஸ்களில் தமிழ் பேசுவேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். சார்பு ஆய்வாளர் மாதேஸ்வரன் ஐயா கேட்க, ஏட்டு எழுத, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்கிறேன்.

எங்கள் தெருக் கடைசியில் தோப்புக் கல்யாணி இருக்கிறது. நாலு பக்கமும் கல்படி இறங்குகிற சதுரக் குளத்தை எங்கள் பக்கம் கல்யாணி என்போம். முப்பத்தாறு படி. எந்த ராஜா கட்டினார் என்பது எனக்குத் தெரியாது, போன வருஷம் வந்த திட்டத்துக்காரர்களுக்கும் தெரியாது. சுற்றுவட்டாரத்தில் ஆயிரத்து நூறு அடி போர் போட்டாலும் புழுதிதான் வருகிறது, ஆனால் சித்திரை வெயிலில்கூட அந்தக் குளத்தின் அடியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். காரணம் வடகிழக்கு மூலையில் இருந்த ஊற்று. குளத்துக்கு எதிரே நாற்பத்திரண்டு லைன் வீடுகள். தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். குடிக்கக் கேன் வாங்குவார்கள், குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் அந்தக் குளம்தான். முறை வைத்துப் பாசி வாரி, குப்பை எடுத்து வைத்திருந்ததும் அவர்கள்தான். உள்ளூர்க்காரர்களான நாங்கள் யாரும் ஒரு கூடை சேறுகூட அள்ளியதில்லை.

போன வருஷம் ஆடி மாதம் நகர மரபு மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தது. பழைய குளம், மண்டபம் எல்லாம் ஊரின் மூலதனம், அதை வைத்துத்தான் இனி ஊரை வளர்க்க வேண்டும் என்று மைக் வைத்துப் பேசினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு ஸ்வாதி என்ற பெண் டேப்லெட்டோடு வந்து குளத்துக்கு மார்க் போட்டார். கல்வெட்டு இல்லாததால் வயதுக்கு நூலளவுதான் மார்க், சிற்பம் இல்லாததால் வேலைப்பாட்டுக்கு அதைவிடக் குறைவு. மக்கள் பயன்பாடு என்ற கட்டத்தில் மட்டும் இருபதுக்கு இருபது. அப்போது லைன் வீட்டுப் பொற்கொடி படியில் குடத்தோடு நின்றார். அவருக்குச் சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம், கம்பெனியில் வயர் கட்டுகிற வேலை. "மார்க் போட்டா எங்களுக்கு என்ன கிடைக்கும் மேடம்?" என்று கேட்டார். "உங்களாலதான் அக்கா இந்தக் குளம் லிஸ்ட்ல ஃபர்ஸ்ட் வரப்போகுது" என்று ஸ்வாதி சொல்லி, பொற்கொடியையும் இன்னும் நாலு பெண்களையும் தண்ணீர் மொள்ளச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டார். சொன்ன மாதிரியே குளம் முதலிடம் வந்தது, திட்டமும் பாஸானது.

அதன் பிறகு வேலையை எடுத்த ஒப்பந்ததாரர் தங்கதுரை வந்து முதல் வேலையாகச் சுற்றிலும் ஆளுயர இரும்பு கிரில் அடித்து, கேட் போட்டு, செக்யூரிட்டி வைத்து, மரபுச் சின்னத்தில் துவைக்கவோ குளிக்கவோ தண்ணீர் எடுக்கவோ கூடாது என்று போர்டு மாட்டினார். இருபதுக்கு இருபது வாங்கிக் கொடுத்தவர்களுக்குத்தான் அந்த போர்டு. மாசி மாதம் மோட்டார் வைத்து இருந்த தண்ணீரை இறைத்துவிட்டு, குளத்தின் அடிமுழுக்கக் கான்கிரீட் போட்டு, அதன் மேல் நீச்சல் குளத்துக்கு ஒட்டுகிற நீல டைல்ஸ் ஒட்டினார். ஊற்றுத் தண்ணீர் கலங்கலாக வருகிறது, ராத்திரி லைட் ஷோவுக்கு எடுபடாது என்பது அவர் சொன்ன காரணம். ஸ்வாதி ஒருநாள் வந்து படியில் நின்று பார்த்தார். "ஊற்றைப் பாதுகாக்கணும்னுதானே சார் ரிப்போர்ட்ல எழுதினேன்?" என்று கேட்டார். "ரிப்போர்ட்டைக் கடைசிப் பக்கம் வரைக்கும் யாரும்மா படிக்கிறாங்க" என்று தங்கதுரை சிரித்தார். அந்தப் பெண் அதன் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

அது முதல் லைன் வீடுகளுக்கு நாலு நாளைக்கு ஒரு லோடு என் லாரியில் போனது. இந்த மாதம் திறப்பு விழா என்றதும் தங்கதுரை என் லாரியை எட்டு நாளைக்கு மொத்தமாகப் பிடித்துக்கொண்டார். புதிதாகப் பதித்த கல்லைக் கழுவவும் புல்தரைக்கு அடிக்கவும் தினமும் சூளகிரிப் பக்கத்துத் தோட்டத்துப் போரிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தேன். ஆறாம் நாள் பொற்கொடி லாரியை மறித்து, "கைப்பிள்ளையக் கேன் தண்ணியில கழுவுதோம் அண்ணாச்சி. ஷிப்டு முடிஞ்சு வந்து ஈரத்துணியால மேலத் தொடச்சுக்கிட்டுப் படுக்கோம். ஒரு லோடு தாங்க" என்றார். "விழா முடியட்டும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அன்று சாயங்காலம் பச்சைப் புல்லுக்கு ஓஸ் பிடித்து நின்றபோது எனக்கே என்னைப் பார்க்கக் கூசியது.

விழா அன்று காலை ஆறு மணிக்கு, பத்து மணிக்குள் நாலு லோடு குளத்தில் விட வேண்டும், ஒரு படியாவது முங்க வேண்டும் என்று தங்கதுரை சொன்னார். சிறப்பு விருந்தினர் வந்து தண்ணீரில் அகல் விளக்கு மிதக்க விடுவாராம். முதல் லோடை விட்டேன். பன்னிரண்டாயிரம் லிட்டர், டைல்ஸ் நனைந்தது, அவ்வளவுதான். ஊறுகிற குளத்தை அடைத்துவிட்டு அதற்கு லாரியில் தண்ணீர் ஊற்றுகிற வேலையை நான் எங்கேயும் கண்டதில்லை. தங்கதுரையின் ஆட்கள் பிளாஸ்டிக் தாமரைகளை அந்த விரலளவுத் தண்ணீரில் பரப்பினார்கள். நிமிர்ந்து பார்த்தால் கேட்டுக்கு மேலே பெரிய பேனர். 'உயிருள்ள மரபு' என்று எழுதி, பொற்கொடி குடத்தோடு சிரிக்கிற போட்டோ, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. அதே பொற்கொடி கிரிலுக்கு வெளியே காலிக் குடத்தோடு நின்று நான் தண்ணீர் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட இருபது முப்பது பெண்கள். "விஐபி வர்ற நேரம், இங்க நிக்கக் கூடாது, போங்க போங்க" என்று செக்யூரிட்டி லத்தியால் கிரிலைத் தட்டி விரட்டினார். நான் ஓஸைச் சுருட்டி வண்டியில் போட்டேன்.

அதன் பிறகு சூளகிரி போய் இரண்டாவது லோடு பிடித்து வந்தேன். குளத்துக் கேட்டுக்குத் திருப்பாமல் லைன் வீட்டுச் சந்துக்குள் வண்டியைப் பின்பக்கமாக விட்டு வால்வைத் திறந்தேன். குடம், பக்கெட், டிரம், குழந்தை குளிப்பாட்டுகிற டப் எல்லாம் வந்தது. மூன்றாவது லோடும் அங்கேயே. ஒன்பது மணிக்குத் தங்கதுரை போன் செய்து, "யோவ் திம்மராயா, வண்டி எங்கய்யா?" என்று கேட்டார். "ஜூஜுவாடி சிக்னல்ல நிக்குது சார், ஒரே டிராபிக்" என்றேன். சூளகிரியிலிருந்து ஓசூர் வருகிற லாரி கர்நாடக எல்லையில் எதற்கு நிற்கிறது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பத்தரைக்கு விருந்தினர் வந்து இறங்கியபோது நான் சந்தில்தான் இருந்தேன், மைக் சத்தம் கேட்டது. விளக்கு மிதக்கவில்லை, டைல்ஸில் தட்டி ஒருக்களித்து அணைந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அதை நான் கண்ணால் பார்க்கவில்லை. விருந்தினர் ஐந்து நிமிஷத்தில் காரில் ஏறிவிட்டார். அதன் பிறகு தங்கதுரை சந்துக்குள் வந்து என் சட்டையைப் பிடித்தார், நான் அவர் கையை விலக்கிவிட்டேன், அடிக்கவில்லை. போலீஸார் வந்து என்னையும் லாரியையும் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

தண்ணீர் பிடித்தவர்கள் யார் யார் என்று ஐயா கேட்டார். நான் குடத்தைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் குளத்து வேலைக்கும் உனக்கும் இதற்கு முன்பு ஏதாவது சம்பந்தம் உண்டா என்று கேட்டதற்கு, உண்டு என்று சொல்கிறேன். மாசி மாதம் அடியில் போட்ட கான்கிரீட்டுக்குக் கலவைத் தண்ணீர் கொண்டுபோனது என் லாரி. ஆறு லோடு. பிறகு அது இறுகுவதற்காக ஏழு நாள் தண்ணீர் காட்டியதும் நான்தான். முதல் நாள் ஈரக் கான்கிரீட்டைப் பொத்துக்கொண்டு ஊற்று இரண்டு இடத்தில் மேலே வந்தது. தங்கதுரையின் ஆட்கள் சிமெண்ட் மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே அதன் மேல் போட்டு ஏறி மிதித்தார்கள். மறுநாளும் ஓரத்தில் குமிழி விட்டது, மறுபடியும் மிதித்தார்கள். நான் ஓஸைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஊற்று என்று எனக்குத் தெரியும், சின்ன வயதில் அந்த மூலையில் முங்கிக் குளித்தவன் நான். வாயைத் திறக்கவில்லை. இனிமேல் லைன் வீட்டுக்காரர்கள் நம் லாரியைத்தான் கூப்பிட வேண்டும் என்று அப்போது நினைத்தேன். தங்கதுரையைத் திட்டத்தான் இவ்வளவும் சொல்லத் தொடங்கினேன், ஆனால் நினைக்க நினைக்க அருவருப்பு என் மேலேதான் வருகிறது.

விழாவைக் கெடுத்ததற்கு என் மேல் வழக்குப் பதிவாகியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஊற்றை அடைத்ததற்கு யார் மேலாவது வழக்கு இருக்கிறதா என்று கேட்டேன். அப்படி யாரும் புகார் தரவில்லை என்று ஐயா சொன்னார். அப்படியானால் இதையே புகாராக எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் பெயர் தங்கதுரை, இரண்டாவது பெயர் திம்மராயன்.

ஏட்டு படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. கடைசிப் பத்தி இந்த வழக்குக்குத் தேவையில்லை, அடித்துவிடலாமா என்று கேட்டார்கள். அடிக்கக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) பி. திம்மராயன்