ரொட்டி அடுப்புக்கு ஒரு கூரை

— நாலு ஆணி, பாப்பா. நேத்து சாயங்காலம் நான் அடிச்சிட்டுப் போனது நாலு. இப்ப வந்து பாரு, நாலு ஓட்டைதான் இருக்கு.

— எலி இழுத்துட்டுப் போயிருக்கும்ணே.

— எலி.

— இல்லேன்னா பின்வீட்டு நாய். அது சும்மாவே எதையாவது கவ்விட்டு ஓடும்.

— மர ஆணின்னா எலும்புத் துண்டுன்னு நினைச்சியா? கொட்டாப்புளியால ஓங்கி அடிச்சு இறக்கினது. குறடு போட்டுத் திருகாம வெளிய வராது. நாய்க்குக் குறடு பிடிக்க எவன் கத்துக்கொடுத்தான்?

— மரம் ஈரமா இருந்திருக்கும். காய்ஞ்சு சுருங்கி ஆணி தானா விழுந்திருக்கும். தச்சு வேலை பாக்கறவன் நீ, என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்?

— இந்தா பாரு, என்னை என்ன வேணா சொல்லு, என் மரத்தைச் சொல்லாதே. ரெண்டு வருஷம் நிழல்ல காஞ்ச மரம். நாலு தூண், ரெண்டு உத்திரம், மேல ஆறு கைமரம், அதுக்கு மேல தகரம். ஒரு அடுப்பு மழையில நனையாம இருக்க இவ்வளவுதான் வேணும். நாலு நாள் வேலை. இன்னைக்குப் பதினோராம் நாள். பள்ளிக்கூடத்து பெஞ்சு வேலையைப் பாதியில போட்டுட்டு வந்திருக்கேன், ஹெட்மாஸ்டர் என்னை வலை போட்டுத் தேடறாரு.

— தேடட்டும். இத்தனை நாளா நீ வாயே திறக்கலையே. காலையில வருவே, ஓட்டையைப் பாப்பே, உச் கொட்டுவே, புதுசா செதுக்கி அடிப்பே. இன்னைக்கு மட்டும் என்ன விசாரணை?

— கையைக் காட்டு.

— எதுக்கு?

— காட்டு, கழுதை.

— மாவு பிசையற கைண்ணே. காய்ச்சுத்தான் போயிருக்கும்.

— அடுப்பு வெடிச்சு நீ ரொட்டிக்கு மாவு பிசைஞ்சே ரெண்டு மாசம் ஆச்சு. இது குறட்டுப் பிடி கடிச்ச கொப்புளம். எனக்கும் இதே இடத்துலதான் இருக்கு, பாத்துக்க. ஆணியெல்லாம் எங்க?

— மாவு டின்னுல.

— மொத்தமுமா?

— டின்னு காலியாத்தானே கிடக்கு.

— ஏம்மா இப்படிப் பண்றே?

— ஏன்னு உனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில கைவிரிச்சு அனுப்பின அன்னைக்கு உன் மாப்ள கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னாரு. அடுப்பைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தாரு. அவரே மண்ணு மிதிச்சு, அவரே உருட்டி, கட்டின அடுப்பு. மழை குடிச்சு உச்சியில வாயைப் பிளந்துகிட்டு நிக்குது. 'இதுக்குத் தலைக்கு மேல ஒரு கூரை ஏறிட்டா போதும்டி, நான் நிம்மதியா கண்ணை மூடிடுவேன்'னாரு. நீயும் பக்கத்துலதானே நின்னே.

— நின்னேன்.

— நின்னுட்டு, 'நாலே நாள்ல முடிச்சிடலாம் மாப்ள'ன்னே. சிரிச்சிக்கிட்டே சொன்னே. உன்னை அறையணும்போல இருந்துச்சு எனக்கு.

— அவருக்கு ஒரு தெம்பா இருக்கட்டும்னு சொன்னேன்.

— எனக்கு நாலு நாள் பத்தாதுண்ணே. அவரு சொன்னா சொன்னதைச் செய்யற ஆளு. கூரை ஏறின அன்னைக்கே போயிடுவாரு. நான் உன் வேலையைக் கெடுக்கல. அவரைப் பிடிச்சு வெச்சிருக்கேன்.

— ஒரு வாய் கஞ்சி உள்ள நிக்கல பாப்பா. மருந்தும் கேக்க மாட்டேங்குது.

— அதை எனக்கு நீ சொல்றியா? வலி வந்தா தலையணையைக் கடிச்சுக்குவாரு, எனக்குக் கேக்கக் கூடாதுன்னு. பக்கத்துல படுக்கறவ நான். ஆனா காலையில முழிச்சதும், 'என்னடி, வேலை எவ்வளவு ஆச்சு'ம்பாரு. 'உத்திரம் கழண்டுகிச்சுங்க, உங்க மச்சானுக்கு வயசாயிடுச்சு'ம்பேன். லேசா ஒரு சிரிப்பு சிரிப்பாரு. அன்னைக்குப் பொழுதுக்கும் எனக்கு அதுதான்.

— எனக்கு வயசாயிடுச்சாக்கும்.

— வேற என்ன சொல்லச் சொல்றே?

— சரி, ஒண்ணு கேக்கறேன். ஆணியைப் பிடுங்கினியே, அதுல ஒண்ணுக்குக்கூட நான் வாலை அறுக்கலைன்னு கவனிச்சியா?

— என்ன வால்?

— அடிச்சு இறக்கினதும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிற முனை. அதை ரம்பத்தால மட்டமா அறுத்துடணும், அதுதான் முறை. அறுத்துட்டா குறட்டுக்குப் பிடி கிடைக்காது. மொத ரெண்டு நாள் அவசரத்துல நகக்கண் அளவு விட்டுட்டேன், அப்புறம் தினமும் வேணும்னே ஒரு விரல் நீளம் விட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

— அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?

— நானா எங்க கண்டுபிடிச்சேன்? மூணாம் நாள் மாப்ளதான் கூப்பிட்டுச் சொன்னாரு.

— அவரா? அவரைத் தூங்க வெச்சிட்டுத்தானே நான் இங்க வருவேன்.

— அவரு எங்க தூங்கறாரு? நீ எழுந்து போகணும்னு கண்ணை மூடிக்கிறாரு. ஜன்னல்ல எல்லாம் தெரியுதாம். 'மச்சான், உங்க தங்கச்சி மூச்சு வாங்க வாங்க அந்த ஆணியோட மல்லுக்கட்டறா. இன்னும் கொஞ்சம் வாலை விட்டுட்டுப் போங்க, கை நோகாம பிடுங்கிக்கட்டும்'னாரு.

— எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா தினமும் என்கிட்ட அப்படிக் கேட்டாரு?

— தெரிஞ்சுக்கிட்டுத்தான்.

— இரு. எதுக்கு இப்ப ரம்பத்தை எடுக்கறே?

— நீ உள்ள போம்மா. அவரு பக்கத்துல உக்காரு.

— அண்ணே, அதைக் கீழ வை. இன்னும் ரெண்டு நாள். ரெண்டே நாள்தான் கேக்கறேன், அப்புறம் நீ என்ன வேணா பண்ணிக்க.

— காலையில நீ தண்ணி பிடிக்கப் போனப்ப என்னைக் கூப்பிட்டாரு, பாப்பா. 'இன்னைக்கு வாலை அறுத்துடுங்க மச்சான். இதுக்கு மேல என்னால முடியல, அவகிட்ட கேக்க எனக்கு வாய் வரல'ன்னாரு.