விளக்கு நின்ற பலகை

“சத்தமாப் படி லிண்ட்சே, எனக்கு அதை வாயால சொல்ல வரல. ‘விளக்கு அளவுக்கு மீறித் துலக்கப்பட்டுள்ளது. வயது தெரியவில்லை.’ வயசு தெரியலையாம்! தெரியக்கூடாதுன்னுதானேப்பா போன குளிர்காலம் பூரா ஷெட்டுல உக்காந்து தேய்ச்சேன்? இதை வச்சுத்தான் என் வீட்டுக்காரி கோரலைத் திரும்ப வீட்டுக்குக் கூப்பிடலாம்னு இருந்தேன். ‘பாரு, சும்மா ஒண்ணும் பண்ணல, முதல் பரிசு’ன்னு காட்டலாம்னு. கண்காட்சி நோட்டீஸ் வேற அவளுக்கு அனுப்பியிருக்கேன். இப்ப வந்து நின்னா எந்த முகத்தோட...”

நெவில் ஹாடோ வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு நடுவரின் அட்டையைத் திரும்ப வாங்கி சைக்கிள் விளக்கின் மேல் சாய்த்து வைத்தார். பிறகு பிடிக்காமல் குப்புறப் போட்டார். டெலரைன் ஊர் மண்டபம் முழுக்கப் பழைய சைக்கிள் சங்கத்தின் கண்காட்சி மேஜைகள். லிண்ட்சே சங்கத்தில் புதிது. பக்கத்து மேஜையில் சைக்கிள் மணிகளைப் பரப்பியிருந்தான். ஒரு குண்டூசி கேட்கத்தான் எழுந்து வந்தான்.

“உக்காரு, உன் மணியெல்லாம் எங்கேயும் ஓடிடாது. இது என் கைக்கு வந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு நினைக்கிற? பண்ணை ஏலம். ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கொட்டகையில உத்தரத்து மேல கிடந்துச்சு. அது மேல கோழிங்க உக்காந்து உக்காந்து... வேண்டாம், நீ ஸ்கோன் தின்னுட்டிருக்க. அடிப்பாத்திரத்துல கார்பைடு கல் சுண்ணாம்பாப் போய் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கு. மேல தண்ணித் தொட்டி, அதோட திருகு அசையவே மாட்டேங்குது. உளியையா வைக்க முடியும்? வினிகர் ஊத்தி, குச்சியால சுரண்டி, மறுபடி ஊத்தி... மேலேர்ந்து தண்ணி சொட்டுச் சொட்டா கல்லு மேல விழணும், காஸ் கிளம்பணும், அதுலதான் எரியும். இப்பவும் எரியும்ப்பா! ஏத்திக் காட்டறேன்னேன். மண்டபத்துல நெருப்பு கூடாதாம். சரி. வலப்பக்கம் பச்சைக் கண்ணாடி இருந்துச்சு, இடப்பக்கம் சிவப்பு உடைஞ்சு போச்சு. அடிலெய்டுல ஒரு கிழவன்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். கிழவன்னா என் வயசுதான்.”

அவர் கைக்குட்டையை எடுத்து விளக்கில் இல்லாத ஒரு விரல் தடத்தைத் துடைத்தார்.

“நிக்கல் முலாம் பாதி உரிஞ்சிருந்துச்சு. மீதிப் பாதி... சரி, மீதியை நான்தான் உரிச்சேன். உள்ள பித்தளை அப்படித் தங்கமா மினுங்குது, அதை மூடியா வைக்கச் சொல்ற? ஹோபார்ட்லேர்ந்து வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு வந்தாரே நடுவர், அவர் கேக்கறார், ‘முலாம் எங்கே?’ன்னு. போயிடுச்சுன்னேன். ‘தானாப் போச்சா, நீங்க போக்கினீங்களா?’ன்றார். போலீஸாய்யா நீ? வாழ்நாள்ல ஒரு சைக்கிள்ல ஏறியிருக்க மாட்டார் அந்த மனுஷன். முழங்காலைப் பாத்தாலே தெரியுது.

“அதுகூடப் போகட்டும். இப்ப அந்த நீல ரிப்பன் எதுல தொங்குதுன்னு பாரு. விளக்குலயா? ஸ்டாண்டுல! ‘பழமை குலையாத அருமையான மரம், முதல் பரிசு.’ மரத்துக்குப் பரிசுப்பா! சைக்கிள் சங்கத்துல! கல்யாணத்துக்குப் போய் நாற்காலியைப் பாராட்டிட்டு வர்ற மாதிரி. அந்த மரத்தை நான் ஒண்ணுமே பண்ணல தெரியுமா? அறுத்தேன், இப்படி நிமிர்த்து வச்சு ஆணி அடிச்சேன், விளக்கைத் தொங்கவிட ஒரு தாங்கி. அவ்வளவுதான். மெருகு போடணும்னு டப்பாவைத் திறந்தேன். அப்பத்தான் கோரல்... சரி, அப்புறம் கை போகல.”

லிண்ட்சே ஏதோ கேட்க வாயெடுத்தான்.

“ஏன் ஸ்டாண்டுன்னுதானே கேக்கற? நானும் அதைத்தான் கேக்கறேன்! ஒரு பிஸ்கட் டப்பா மேல வச்சா விளக்கு நிக்காதா? ஆனா சங்கத்து விதின்னு ஒண்ணு இருக்கே. ‘விளக்கு எந்தக் காலமோ, அதைத் தாங்கும் பொருளும் அந்தக் காலத்ததாக இருக்க வேண்டும்.’ மூளை இருக்கிறவன் எவனாவது இப்படி ஒரு விதி போடுவானா? யார் போட்டான்னு மட்டும் கேட்டுடாத... என்ன பாக்கற? நான்தான்ப்பா. முன்மொழிஞ்சது நான்தான். அதோ ஃபென்னர் நிக்கறான் பாரு, இஞ்சி நிறத்துல மீசை, டீ வாங்கக்கூட நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கறானே, அவனாலதான். போன தடவை பிளாஸ்டிக்ல ஒரு ஸ்டாண்டு பண்ணிக் கொண்டாந்தான், அப்படியே கண்ணாடி மாதிரி. விளக்கு அந்தரத்துல மிதக்குது. ஜனம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. நான் ஆண்டுக் கூட்டத்துல எழுந்து, வரலாறு, மரபு, மண்ணாங்கட்டின்னு பேசினேன். கை தட்டினாங்க. ஃபென்னரும் கை தூக்கி ஆதரிச்சான்! அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். அவன் வீட்டுல பழைய சர்ச் பெஞ்சு ஒண்ணு சும்மா கிடக்குதுன்னு எனக்கு அப்புறம்தானே தெரிஞ்சுது.

“என் விளக்கோ போயர் யுத்த காலத்தது, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் காலத்து மரத்துக்கு நான் எங்க போவேன்? ஊர் பூரா அலைஞ்சேன். பாதிரியாரைக் கேட்டேன், சிரிச்சார். கல்லறைத் தோட்டத்து கேட்டுல ஒரு கட்டை ஆடிட்டிருந்துச்சு, அதைக்கூடப் பாத்தேன். சும்மா பாத்தேன்ப்பா, முறைக்காத. அலுத்துப்போய் வீட்டுக்கு வந்து, படுக்கையறையில உக்காந்து ஷூவைக் கழட்டறேன். அலமாரிக்குப் பின்னால போர்வை சுத்திக்கிட்டு ஒண்ணு நிக்குது. பிளாக்வுட் மரப் பலகை. விளக்குக்கு அக்கா வயசு.”

லிண்ட்சே குண்டூசியைக் காட்டி எழப் பார்த்தான். நெவில் அவன் தோளில் கை வைத்து உட்கார்த்தினார்.

“கோரலோட அம்மா மேஜைப்பா அது. மேஜைகூட இல்ல. ரெண்டு பக்கமும் இழுத்தா நடுவுல சொருக ஒரு பலகை இருக்குமே, அந்த நடுப்பலகை. வீட்டுக்கு ஆள் வந்தாத்தான் அதுக்கு வேலை. கிறிஸ்துமஸுக்கு வெளிய வரும், மறுநாள் போர்வைக்குள்ள போயிடும். மத்த நாளெல்லாம் சிலந்திக்குக் காவல். கோரல் பாட்டுக் குழுவுக்குப் போயிருந்தா. கேட்டிருக்கலாம், இல்லேங்கல. கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்பா. அப்புறம் எப்படி அறுக்கறது? நீயே சொல்லு.

“அவ சத்தம் போட்டிருந்தா எனக்குப் பதில் சொல்லத் தெரியும். அது பழக்கம்தான். சத்தமே போடல. அறுத்த துண்டை மடியில வச்சுக்கிட்டு ஷெட் வாசப்படியில உக்காந்துட்டா. ‘நெவில், அதுதான் என் இடம்’ன்னா. என்னடி இடம்னேன். அவங்க வீட்டுல ஏழு பிள்ளைங்க, இவ கடைசி. மத்த நாள்ல மேஜையில இவளுக்கு இடம் பத்தாதாம், அடுப்படியில முக்காலியில உக்காந்து தின்பாளாம். நடுப்பலகை போட்ட அன்னைக்குத்தான் இவளுக்கும் ஒரு நாற்காலியாம். சோறு ஆறினாலும் பரவால்லன்னு பலகையைத் தடவிக்கிட்டே உக்காந்திருப்பாளாம். சரி, பாவம்தான். ஆனா இப்ப வீட்டுல நாங்க ரெண்டே பேர்! எந்த நாற்காலியில வேணாலும் உக்காரட்டுமே, நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? இதைத்தான் அவகிட்டயும் சொன்னேன். இதே வார்த்தை. மறுநாள் பொட்டியைத் தூக்கிக்கிட்டு டெவன்போர்ட்ல அவ அக்கா ஈனிட் வீட்டுக்குப் போனவதான். ஈஸ்டருக்கு முன்னாடி. நான் ஃபோன் பண்ணினா ஈனிட்தான் எடுக்கறா. ‘கோரல் தோட்டத்துல இருக்கா.’ எப்பப் பண்ணாலும் தோட்டத்துலதான். மழை கொட்டறப்பவும் தோட்டத்துலதான்.

“ஒரு பலகைக்காகப்பா! அதை விடு. நான் எங்க உக்காந்து சாப்பிடறேன் தெரியுமா இப்ப? ஷெட்டுல, பட்டறைக் கட்டை மேல தட்டை வச்சுக்கிட்டு. வீட்டுக்குள்ள அந்த மேஜை முழுசாத்தான் நிக்குது. ஒரு குறையும் தெரியல. ஆனா உக்கார முடியல... ஏன்னு நீ கேக்காத, எனக்கே...”

லிண்ட்சே அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் கோப்பையையும் குண்டூசியையும் எடுத்துக்கொண்டு மணிகளுக்குத் திரும்பிப் போனான்.

நெவிலின் பின்னால் வந்து நின்ற கோரலுக்கு மழைக்கோட்டு நனைந்திருந்தது. விளக்கை அவள் பார்க்கவில்லை. கீழே பலகையைப் பார்த்தாள். அறுபட்ட ஓரத்தில் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்தாள்.

“மெருகு எதுவும் போடல கோரல்” என்றார் நெவில். “அப்படியேதான் இருக்கு. நடுவரே எழுதியிருக்கார், பழமை குலையாதன்னு...”

அவள் விளக்கைத் தாங்கியிலிருந்து உருவி அவரிடம் நீட்டினாள்.

“பிடி.”

“நாலு மணி வரைக்கும் மேஜையில இருக்கணும்னு விதி...”

“யார் போட்ட விதி?”

நெவில் விளக்கை வாங்கிக்கொண்டார்.

“மீதி எங்க?”

“ஷெட்டுல. போர்வையிலதான் சுத்தி வச்சிருக்கேன்.”

“பூட்டியிருக்கா?”

“இல்ல.”

அவள் ஸ்டாண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். டீ வரிசையில் நின்ற ஃபென்னர் வழிவிட்டான். நீல ரிப்பன் அவள் முழங்கையில் தட்டித் தட்டி ஆடியது.

வெளியே தூறல். ஈனிட் இன்ஜினை அணைக்காமல் காரில் உட்கார்ந்திருந்தாள். நெவில் விளக்கை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். வாய் நிற்கவில்லை. “ஒட்டிடலாம் கோரல். நல்ல பசை இருக்கு. ஆணியைப் பிடுங்கிட்டு, மூணு துண்டையும் சேத்து இறுக்கி வச்சா... கோடு தெரியும், தெரியாதுன்னு நான் சொல்லல. மேல துணி விரிச்சா யாருக்குத் தெரியப் போகுது? உனக்குத் தெரியும், சரி. ஃபென்னர்கிட்ட பலகையை இறுக்கிப் பிடிக்கிற நீளமான கிளாம்ப்பு இருக்கு, அவன்கிட்டயே போய்க் கேக்கறேன், நான் கேட்டா அவன்...”

கோரல் காரின் பின்கதவைத் தூக்கினாள். உள்ளே மண்வெட்டி, மண்ணோடு ஒரு களைக்கொத்து, ஜாக்கி, உர மூட்டை.

நெவில் களைக்கொத்தில் ஒட்டியிருந்த ஈர மண்ணைப் பார்த்தார். விளக்கைத் தரையில், ஈரச் சரளை மேல் வைத்தார். ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றினார். மண்வெட்டியை ஓரமாகத் தள்ளி, அந்த இடத்தில் ஸ்வெட்டரை விரித்து, அதன் இரு கைகளையும் இழுத்துச் சரிசெய்தார். பிறகு கோரலிடமிருந்து பலகையை வாங்கி, அறுபட்ட ஓரம் இரும்பில் படாமல், அதன் மேல் படுக்க வைத்தார்.