மலை ரயிலின் வேகம்

அதைப் பொம்மை என்று சொல்லாதீர்கள் சார். இதோடு இரண்டாவது தடவை சொல்லிவிட்டீர்கள். மலைப்பாதையில் ஊர்ந்து போகுமே, குறுகிய தண்டவாளத்துச் சின்ன ரயில், அதன் மாதிரி அது. அந்த நிதானத்துக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். மற்றபடி நான் ஓரிடத்தில் உட்காராத ஆள். இப்போதுகூட மேசைக்கு அடியில் என் கால் ஆடிக்கொண்டிருக்கிறது. மன்னிக்க வேண்டும்.

இப்படி மாதிரி ரயில் செய்கிறவர்கள் கூடும் எங்கள் கூடுகைக்கு ஆளுக்கொரு மேசை கொண்டுவருவோம். அதன்மேல் அவரவர் செய்த மலை, பாலம், நிலையம். மண்டபத்தில் எல்லாவற்றையும் முனையோடு முனை மாட்டினால் ஒரே நீளப் பாதையாகிவிடும். அன்று என் மேசை ஒரு கோடியில், அத்தானுடையது மறு கோடியில். அத்தான் என் அக்கா புருஷன். இந்தப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தவரே அவர்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிர்க்கோடியில் இருப்பவர் எதைக் கேட்டாலும் யாரும் கையில் எடுத்துக்கொண்டு நடக்க மாட்டோம். திருகாணியோ மிட்டாயோ, திறந்த பெட்டியில் வைத்து ரயிலில்தான் அனுப்புவோம். வண்டி எல்லா நிலையத்திலும் நின்றுதான் போகும். நடுவில் கைவைத்தவனை அன்று முழுக்கக் கேலி பேசியே ஓட்டித் தள்ளிவிடுவார்கள்.

காலையில் மேசைகளை மாட்டும்போது என் தண்டவாளம் ஒரு நூல் உயர்ந்திருந்தது.

"மச்சான், உன் மேசை மட்டும் மாமியார் மாதிரி எப்பவும் ஒரு படி மேலயே நிக்குது. அடுத்த தடவை இது வேணாம். நீ வந்து டீ ஊத்து, போதும்," என்றார் அத்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு வருடம் உட்கார்ந்து செய்த மலை அது. யார் மேசை சேரலாம் என்று முடிவு செய்கிறவர் அவர்தான். பிறகு நானே உப்புத்தாளால் தேய்த்து இணைப்பைச் சரிசெய்தேன். அவர் வந்து பார்க்கவில்லை.

மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அறுந்த ஒயரைச் சேர்க்க அத்தான் தன் மேசைக்கு அடியில் தவழ்ந்து போனார். அங்கே ஒரே தூசி. அவருக்கு மூச்சிழுப்பு உண்டு. இன்ஹேலரை அக்கா காலையிலேயே என்னிடம் கொடுத்திருந்தாள். "அவர்கிட்ட இருந்தா தொலைச்சிடுவார்டா. நீ வச்சுக்கோ."

"மச்சான்... மருந்து," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

நடந்தால் இருபது எட்டுகூட இல்லை. நான் மருந்தைத் திறந்த பெட்டியில் வைத்தேன். உருளாமலிருக்கப் பக்கத்தில் பஞ்சு வைத்தேன். என் இணைப்பைத் தாண்டும்போது வண்டி துளிகூடக் குலுங்கவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள் சார்.

முதல் நிலையத்தில் நிறுத்தினேன். "விளையாடாதடா," என்றார். இரண்டாவதிலும் நிறுத்தினேன். அப்புறம் அவர் குதிகால் தரையில் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பாலத்தின்மேல் வேகத்தை இன்னும் குறைத்தேன். பாலத்தில் குறைக்கத்தான் வேண்டும். அவ்வளவு நேரமும் என் கால் ஆடவே இல்லை.

அவர் இறந்துவிடுவார் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். முதல் நிலையத்திலேயே தெரியும். ஆனால் கேட்டதை நான் அனுப்பாமல் இருக்கவில்லை.

திரும்பி வந்தவர்கள் பதற்றத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். அவருடைய நிலையத்துக்கு ஒரு மேசை முன்னால் வண்டி அப்படியே நிற்கிறது, மருந்தோடு. உங்கள் ஆட்கள் எதையும் தொடவில்லையாம். அதை நினைத்தால்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னை ஒரு தடவை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் சார், வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன்.