வூடு ஒரு தொகுதி, சுடுகாடு ஒரு தொகுதி

உத்திரமேரூரில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். முன்சீட்டில் அறிமுகமில்லாத இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"எங்க வூடு ஒரு தொகுதி, சுடுகாடு வேற தொகுதிக்கா."

"இன்னாமா சொல்ற?"

"தொகுதியைப் பிரிச்சப்ப நடுவுல கீற கால்வா எல்லையாப் போச்சி. பாலம் கேட்டா, இந்த எம்.எல்.ஏ. அவரைக் கேளும்பாரு, அவரு இவரைக் கேளும்பாரு. மாமியார் செத்தப்ப நல்ல மழை. இடுப்பளவு தண்ணில பாடையைத் தலைக்குமேல தூக்கிக்கினு போனாங்க."

"அய்யோ."

"அடுத்த எலக்சனுக்கு ஓட்டு கேட்டு ஒருத்தரு காலனிக்கு வந்தாரு. பொம்பளைங்க நாங்க அவரைக் கால்வாகிட்ட கூட்டிக்கினு போனோம். 'நாங்க பொணம் தூக்கற வழி. ஒருதபா நடந்து பாருங்க'ன்னேன். வேட்டியை மடிச்சிக்கினு எறங்கினாரு. பாதியில திரும்பிட்டாரு."

"ஜெயிச்சாரா?"

"ஜெயிச்சாரு. பாலமும் வந்துச்சி. தொறப்பு விழாவுக்கு அந்தச் சுடுகாட்டுத் தொகுதி எம்.எல்.ஏ.வும் வந்து மாலை போட்டுக்கினாரு."

பெரியவள் சிரித்தாள். இளையவள் சிரிக்கவில்லை.

"போன மாசம் மாமனாரு தவறிட்டாருக்கா. பாலத்துமேலதான் எடுத்துக்கினு போனாங்க. மாமியாரைத் தூக்கிக்கினு போனப்ப, பாடை தண்ணில கவுந்துடுமோன்னு பயந்துக்கினே நின்னோம். மாமனாருக்குத்தான் நல்லா அழுதோம்."